பொம்மை டாங்கியும் நிஜப் புழுதியும்

"வீட்டுத் தூசியைத் துடைக்கச் சொன்னால் நேரமில்லை என்கிறீர்கள். பொம்மைக்குத் தூசி பூச மட்டும் ராத்திரி பன்னிரண்டு மணி வரை நேரம் இருக்கிறதா?"

என் மனைவி கேட்ட இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் நேரான பதில் இல்லை. அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. செம்பூரில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்று. அதன் ஜன்னலோரத்தில் ஒரு பலகை. பலகையின் மேல் ஒரு சாண் நீளத்துக்கும் குறைவான பிளாஸ்டிக் டாங்கி. மூன்று மாதம் பாடுபட்டு அதை ஒட்டி, தேய்த்து, பச்சை வண்ணம் அடித்துப் பளபளவென்று முடித்தாகிவிட்டது. முடித்த மறுநாளே அதன்மேல் அழுக்குப் பூச உட்கார்ந்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

ஆனால் இந்தப் பொழுதுபோக்கின் உயிர்நாடியே அந்த அழுக்கில்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் இதை 'வெதரிங்' என்கிறார்கள். வெயில், மழை, காற்று, மனிதக் கை, கால் எல்லாம் சேர்ந்து ஒரு பொருளின்மேல் நாளடைவில் விட்டுச் செல்லும் தடங்களை வண்ணத்தாலும் பொடியாலும் காட்டுவதே இந்த வித்தை. அப்படி முடித்த வண்டியை மண், மரம், மனிதர் சகிதம் ஒரு பலகையில் நிறுத்திக் காட்சியாக அமைத்தால் அது 'டயோரமா'.

முப்பத்தைந்தில் ஒரு பங்கு

ராணுவ வண்டி மாதிரிகள் பெரும்பாலும் நிஜ அளவில் 35-ல் ஒரு பங்காக வருகின்றன. ஏன் 35? முப்பது, நாற்பது என்று முழு எண்ணாக இருக்கக் கூடாதா? இதற்கு ஒரு வேடிக்கையான காரணம் உண்டு. ஜப்பானில் ஷிஸூவோகா நகரத்து டாமியா நிறுவனம் 1946-ல் மர வியாபாரமாகத் தொடங்கி, பிறகு மர பொம்மைகளுக்கும், அதன் பிறகு பிளாஸ்டிக்குக்கும் மாறியது. 1960-களின் தொடக்கத்தில் ஜெர்மானிய 'பாந்தர்' டாங்கியை பொம்மையாகச் செய்தார்கள். உள்ளே மோட்டாரும் பாட்டரியும் அடங்க வேண்டும் என்பதற்காக ஓர் அளவை வைத்துக்கொண்டார்கள். பிறகு கணக்குப் பார்த்தபோது அது ஏறக்குறைய 35-ல் ஒரு பங்காக இருந்தது! அன்று பாட்டரி நிர்ணயித்த அளவுதான் இன்று உலகம் முழுவதும் வழக்கமாகிவிட்டது.

நம்மைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு இந்தக் கணக்கு பிடித்துப்போகும். ஐந்தே முக்கால் அடி மனிதன் 35-ல் ஒரு பங்கானால் 5 சென்டிமீட்டர். 6 மீட்டர் நீள டாங்கி உடல் 17 சென்டிமீட்டர். சிப்பாயின் ஒரு அடி நீள பூட்ஸ் 9 மில்லிமீட்டருக்கும் குறைவு.

இப்போது மணலை எடுத்துக்கொள்ளுங்கள். பாலைவன மணலில் ஒரு துகள் சுமார் கால் மில்லிமீட்டர். அதை அப்படியே அள்ளிப் பலகையில் கொட்டினால், 5 சென்டிமீட்டர் சிப்பாயின் காலடியில் அது எப்படித் தெரியும்? 35 மடங்கு பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் வருகிறது. அதாவது ஜல்லி! நிஜ மணலைப் போட்டால் மணலாகத் தெரியாது. மணலாகத் தெரிய வேண்டுமானால் மாவு போன்ற பொடி வேண்டும். நிஜத்தை அப்படியே கொண்டுவந்து வைத்தால் பொய்யாகிவிடும் என்பதுதான் இந்தக் கலையின் முதல் பாடம்.

பாரிஸிலிருந்து பைகுல்லா வரை

'டயோரமா' என்ற சொல் 1822-ல் பாரிஸில் பிறந்தது. பின்னாளில் புகைப்படக் கலையின் முன்னோடியாகப் புகழ் பெற்ற டகேர், பிரம்மாண்டமான திரை ஓவியங்களின் மேல் வெளிச்சத்தை மாற்றி மாற்றிப் பாய்ச்சி, பகல் இரவாவதுபோல் காட்டிக் காசு வசூலித்தார். அந்தக் கொட்டகையின் பெயர்தான் டயோரமா. பிறகு அந்தப் பெயர் அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குப் பின்னால் அமைக்கும் காட்சிகளுக்கு வந்து சேர்ந்தது.

மும்பைவாசிகள் இதைப் பார்க்க வெகு தூரம் போக வேண்டியதில்லை. பழைய பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவில், பறவைகளும் விலங்குகளும் அவற்றின் காட்டோடும் நீரோடும் சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. பைகுல்லாவில் 1872-ல் திறக்கப்பட்ட பாவு தாஜி லாட் அருங்காட்சியகத்தில் மண்ணால் செய்த சிறு மனிதர்களையும் கிராமக் காட்சிகளையும் காணலாம். நம் வீட்டு நவராத்திரி கொலுவில், படிக்குப் பக்கத்தில் கடுகு முளைக்கவிட்டு, கண்ணாடித் துண்டைக் குளமாக்கிப் 'பார்க்' கட்டினோமே, அதுவும் இதே ஜாதிதான்.

ராணுவ டயோரமாவை சாமான்ய மனிதனின் மேஜைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்கர் ஷெப் பெய்ன். 1970-களில் மோனோகிராம் நிறுவனம் தன் டாங்கிப் பெட்டிகளுக்குள் அவருடைய டயோரமாப் படங்களும் செய்முறைக் குறிப்புகளும் கொண்ட துண்டுப் பிரசுரத்தை வைத்து விற்றது. பெட்டியைத் திறந்த பையன்கள் பொம்மையை விட அந்தக் காகிதத்தைப் பத்திரப்படுத்தினார்கள். 1980-ல் டயோரமா அமைப்பது பற்றி அவர் எழுதிய புத்தகத்தை இன்றும் இத்துறையினர் தேடிப் படிக்கிறார்கள். வண்டியின் அழகை விட, அந்தக் காட்சி என்ன கதை சொல்கிறது என்பதே பெரிது என்று நினைத்தவர் அவர். 2015-ல் காலமானார். அவருக்குப் பிறகு பெல்ஜியத்தின் வெர்லின்டன், ஸ்பெயினின் மிக் ஹிமேனெஸ் என்று பலர் வந்து வண்ணமிடும் முறைகளை வளர்த்தார்கள்.

இன்று அழுக்கையே குப்பியில் அடைத்து விற்கிறார்கள்! 'ஐரோப்பியச் சேறு', 'பாலைவனத் தூசி', 'பழைய துரு' என்று லேபிள் ஒட்டி வருகிறது. விலையைக் கேட்டால் நம் மாதச் சம்பளம் நடுங்கும். நானும் ஒரு குப்பி வாங்கினேன். அங்கேதான் தவறு செய்தேன்.

நிஜம் பொம்மையானது

அந்தத் தவறைச் சொல்வதற்கு முன் ஒரு பயணத்தைச் சொல்லியாக வேண்டும். இப்போது அகில்யாநகர் என்று பெயர் மாறியிருக்கும் அகமதுநகரில், 1994-ல் தொடங்கப்பட்ட டாங்கி அருங்காட்சியகம் இருக்கிறது. ரோல்ஸ் ராய்ஸ் கவச கார் முதல் பாட்டன் வரை பல நாட்டு வண்டிகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. நம் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965 முதல் தயாரான விஜயந்தாவும் நிற்கிறது. ஆவடியில் வேலை பார்த்த மாமாவோ சித்தப்பாவோ இல்லாத குடும்பம் வட சென்னைப் பக்கம் குறைவு. அந்த வண்டியைக் கண்டதும் சொந்தக்காரரைக் கண்டதுபோல் இருந்தது.

ஆனால் ஒரு ஏமாற்றமும் கூடவே வந்தது. காட்சிக்கு வைத்த வண்டிகளுக்கு வண்ணம் பூசித்தானே ஆக வேண்டும்? பூசாவிட்டால் மழையில் துருப்பிடித்துப் போகும். அதனால் அவை சுத்தமாக, ஒரே நிறத்தில், சுவர் போல நின்றன. நாற்பது டன் இரும்பு எனக்குப் பெரிய பொம்மையாகத் தெரிந்தது! வீட்டில் இருக்கும் என் சிறு பொம்மையையாவது நிஜமாக்கிவிட வேண்டும் என்ற வெறியோடு ரயில் ஏறினேன்.

நான் எடுத்துக்கொண்டது டி-59 டாங்கி. சோவியத் டி-54 மாதிரியைப் பின்பற்றிச் சீனா செய்தது. பாகிஸ்தான் ராணுவம் அதை 1971 போரில் ராஜஸ்தானின் லோங்கேவாலா காவல் நிலைக்கு எதிராக அனுப்பியது. டிசம்பர் 4 இரவு தொடங்கி, மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரியின் தலைமையில் ஒரே ஒரு கம்பெனி விடிய விடியத் தாக்குப்பிடித்தது. பொழுது விடிந்ததும் ஜெய்சல்மரிலிருந்து ஹண்டர் விமானங்கள் வந்தன. மணலில் சிக்கிய டாங்கிகள் தப்ப வழியின்றி வளைந்து வளைந்து ஓடிய சக்கரத் தடங்களை வானிலிருந்து எடுத்த படங்களில் இன்றும் பார்க்கலாம். அந்தக் காலை நேரத்தைத்தான் பலகையில் அமைக்க நினைத்தேன்.

வாங்கிய துருக் குப்பி தீரும் வரை டாங்கியில் பூசினேன். செம்பழுப்பாக, நூறு வருஷம் கடலில் கிடந்ததுபோல் ஆயிற்று. எனக்குத் தாங்க முடியாத பெருமை.

ஹவில்தாரின் பரீட்சை

எங்கள் கட்டடத்தின் காவலாளி வேலூர்ப் பக்கத்துக்காரர். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். வாலிபத்தில் விஜயந்தா ஓட்டியவர். 71 சண்டையில் அவர் இல்லை. ஆனால் பிற்பாடு பல வருஷம் அதே ராஜஸ்தான் மணலில் பயிற்சிக்குப் போய் வந்திருக்கிறார். டாங்கி என்று சொல்ல மாட்டார், வண்டி என்பார். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா ஜெய்சல்மர்ல இவ்வளவு மழை எப்பப் பேஞ்சுது?"

எனக்குப் புரியவில்லை.

"துரு புடிக்கணும்னா தண்ணி வேணும் இல்ல? அங்க குடிக்கவே தண்ணி கிடையாது. மணல் அடிச்சு அடிச்சு வண்டியோட சங்கிலிச் சக்கரம் வெள்ளி மாதிரி மின்னும், தம்பி. இன்னொண்ணு... இந்த வண்டியில யாருமே ஏறலியா?"

"ஏன் ஐயா?"

"ஏறினா பூட்ஸ் பட்ட இடத்துல பெயிண்ட் போயிருக்குமே! எங்க கால் வெச்சு ஏறுவோமோ, எதைப் புடிச்சு ஏறுவோமோ, மூடியை எங்க தூக்குவோமோ, அங்கெல்லாம் இரும்பு தெரியும். நீங்க எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி அடிச்சிருக்கீங்க. நாலு பேரு ராப்பகலா குடித்தனம் பண்ற வண்டி அது. படுக்கை எங்கே? தண்ணி கேன் எங்கே? ஒரு வாளி கூட இல்லையே!"

அவர் போன பிறகு என் டாங்கியைப் பார்த்தேன். அழுக்கு நிறைய இருந்தது. காரணம்தான் ஒன்றுகூட இல்லை. மறுநாள் அதைக் கழுவிவிட்டுத் திரும்பத் தொடங்கினேன்.

லோக்கல் ரயில் என்னும் பள்ளிக்கூடம்

அதன் பிறகு ஆபீசுக்குப் போகும் வழியெல்லாம் எனக்குப் பாடசாலையாயிற்று. நீங்களும் நாளைக் காலையில் லோக்கல் ரயிலில் பாருங்கள். வாசல் நடுவே நிற்கும் கம்பியில், மனிதர்கள் பிடிக்கும் உயரத்தில் மட்டும் பளபளப்பு. அதற்கு மேலும் கீழும் மங்கல். கால் வைக்கும் படியின் நடுவில் வண்ணம் தேய்ந்திருக்கும். ஓரத்தில் அப்படியே இருக்கும். ஜன்னலின் கீழ் மூலையிலிருந்து மழைநீர் இழுத்த கோடு செங்குத்தாக இறங்கும். ஆபீசில் பழைய மேஜையின் முன்விளிம்பில் வார்னிஷ் போயிருக்கும். முப்பது வருஷம் ஒரு குமாஸ்தாவின் முழங்கை உரசிய இடம் அது. பொருள் தன் உழைப்பை இப்படி எழுதி வைத்திருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தால்தான் பொம்மையில் எழுத முடியும்.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் வண்டியின் அடிப்படை நிறம். அது பெட்டியில் சொன்ன நிறத்தை விடச் சற்று வெளிறி இருக்கட்டும். சிறிய பொருளில் அடர்த்தியான நிறம் மேலும் இருண்டு தெரியும். அது நன்றாகக் காய்ந்த பிறகு 'வாஷ்'. பழுப்பு ஆயில் கலரை டர்பன்டைனில் தண்ணீராகக் கரைத்து, நுனித் தூரிகையால் ஆணித் தலையைச் சுற்றியும் இடுக்கிலும் தொட்டால், தானாக ஓடிப் போய் நிழலாகத் தங்கும். அடுத்தது உலர் தூரிகை. வெளிர் நிறத்தைத் தொட்டு, துணியில் முக்கால்வாசி துடைத்துவிட்டு, விளிம்புகளில் லேசாக உரசினால் மேடான இடங்கள் எழுந்து நிற்கும்.

வண்ணம் உரிந்த இடங்களுக்குப் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சின் ஒரு சிறு துண்டு போதும். கரும்பழுப்பைத் தொட்டு, காகிதத்தில் ஒற்றி எடுத்துவிட்டு, காலும் கையும் படும் இடத்தில் மட்டும் ஒத்த வேண்டும். இதைவிட நுட்பமான முறை தலைமுடிக்கு அடிக்கும் ஹேர் ஸ்பிரேயை வைத்துச் செய்வது. முதலில் அடியில் இரும்பு நிறம், அதன்மேல் ஹேர் ஸ்பிரே, அதற்கும் மேலே அக்ரிலிக் வண்ணம். காய்ந்ததும் ஈரத் தூரிகையால் தேய்த்தால், உள்ளே இருக்கும் ஸ்பிரே கரைந்து மேல் வண்ணம் திட்டுத் திட்டாக உரியும். இரும்பு பளபளக்க வேண்டிய விளிம்புகளில் பென்சில் கரித்தூளை விரலால் தேய்த்தால் அசல் உலோகம்தான்.

டி-59-ன் புகைக் குழாய் இடப்பக்கம் பின்புறத்தில் இருக்கிறது. ஆகவே கரி அங்கேதான். வலப்பக்கத்தில் பூசினால் டாங்கி தெரிந்தவர் சிரிப்பார். டீசல் ஊற்றும் மூடியைச் சுற்றிச் சிந்திய எண்ணெயில் தூசி ஒட்டிக் கருத்திருக்கும். புழுதி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தங்காது. கீழே அதிகம், மேலே குறைவு. படுத்த தகட்டில் தங்கும், நின்ற தகட்டில் வழியும். இதற்கெல்லாம் நான் பயன்படுத்துவது கலர் சாக்பீஸை உரசிய பொடி. வெள்ளை, மஞ்சள், கொஞ்சம் பழுப்பு கலந்தால் ராஜஸ்தான் மண். விலை உயர்ந்த குப்பி மேஜையடியில் தூங்குகிறது.

தரைக்குத் தெர்மாகோலை மேடு பள்ளமாக வெட்டி, மேலே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசி, காய்வதற்கு முன்பே சங்கிலித் தடத்தைப் பதித்துவிட வேண்டும். தெர்மாகோலின்மேல் பெட்ரோல் வாடை அடிக்கும் பசையைத் தடவிவிடாதீர்கள்; கரைந்து குழியாகிவிடும். வெள்ளைக் கோந்து போதும். பொடி வேலை செய்யும்போது மூக்கில் துணி கட்டுங்கள், டர்பன்டைன் திறக்கும்போது ஜன்னலையும் திறந்துவையுங்கள். குழந்தை தூங்கும் அறையில் இந்த வேலையே வேண்டாம். முதல் முயற்சிக்குப் புது மாதிரி வாங்க அவசியமில்லை. பிள்ளைகள் ஒதுக்கிவிட்ட உடைந்த பொம்மை லாரி ஒன்று போதும்.

எதைக் காட்டுவது, எதை விடுவது?

வேலை முடியும் கட்டத்தில் ஒரு சங்கடம் வந்தது. என் முதல் திட்டத்தில் டாங்கி தீப்பிடித்து எரிய வேண்டும். பஞ்சில் புகை, உள்ளே சிவப்பு விளக்கு, சுற்றிலும் விழுந்து கிடக்கும் சிப்பாய்கள். இப்படிப்பட்ட டயோரமாக்கள் உலகில் ஏராளம். போர் என்றால் சாவுதானே, அதை மறைப்பது பொய்யில்லையா என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். ஒரு மனிதனின் சாவை அலமாரிக்கு அலங்காரமாக்கலாமா என்று இன்னொரு சாரார் கேட்கிறார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது.

நான் பல நாள் யோசித்தேன். 5 சென்டிமீட்டர் சிப்பாயைக் கையில் எடுத்துக் குப்புறப் படுக்க வைத்துப் பார்த்தேன். மனம் ஒப்பவில்லை. அவன் எதிரி நாட்டவன்தான். ஆனால் ஹவில்தார் கேட்ட வாளியும் தண்ணீர் கேனும் அவனுக்கும் இருந்திருக்கும். யாரோ ஒரு வீட்டில் அவனுக்காகவும் காத்திருந்திருப்பார்கள்.

கடைசியில் தீயை எடுத்துவிட்டேன். டாங்கி மணலில் பாதிச் சக்கரம் வரை புதைந்து நிற்கிறது. வெளியேற முயன்று சங்கிலி தோண்டிய குழி பின்னால் தெரிகிறது. மேல் மூடி திறந்திருக்கிறது. மூடியின் விளிம்பில் கைபட்டுத் தேய்ந்த இரும்பு. பின்பக்கம் கட்டிய படுக்கைச் சுருள் அப்படியே இருக்கிறது, அவிழ்க்க நேரமில்லை. மணலில் ஒரு வாளி கவிழ்ந்து கிடக்கிறது. டாங்கியிலிருந்து நாலு பேருடைய காலடித் தடங்கள் பலகையின் விளிம்பை நோக்கிப் போகின்றன. ஒரு பிளாஸ்டிக் சிப்பாயின் பூட்ஸை வெட்டியெடுத்து, ஒவ்வொரு தடமாக ஈரப் பிளாஸ்டரில் நானே பதித்தேன். காட்சியில் மனிதர் ஒருவரும் இல்லை.

முடித்ததும் ஹவில்தாரைத் திரும்பக் கூப்பிட்டேன். மனைவியும் காப்பித் தம்ளரோடு வந்து நின்றாள். அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சங்கிலியைப் பார்த்தார், புகைக் குழாயைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார். ஒரு குறையும் சொல்லவில்லை. பிறகு விரலைப் பலகையில் படாமல் காலடித் தடங்களின்மேல் மெதுவாக நகர்த்திக்கொண்டே விளிம்பு வரை கொண்டுபோனார்.

"எந்தப் பக்கம் போனாங்கன்னு தெரியுது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நல்ல வேளை தம்பி, போயிட்டாங்க" என்றார்.